எந்த மாவட்டத்துப் புள்ளி?

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் கல்முனைக் கரையோரத்தில் வேறு பேச்சே இருக்காது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டி அக்கரைப்பற்று வரை நெருக்கமாகக் கிடக்கும் ஊர்களில், அன்று ஒரு பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் எழுத்து நெடுநாள் கழலாது. 75 எடுத்தால் ஏ. ஒன்று குறைந்தால் பி. சாதாரண தரத்தில் பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். உயர்தரத்தில் நிற்காது. “மூன்று ஏ” என்று சொன்ன வாய் மூடுமுன்னே, “இசட் புள்ளி எவ்வளவு?” என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால், “இந்த முறை அம்பாறைக்கு வெட்டுப்புள்ளி எங்கே நிற்கும்?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் அர்த்தம் இருக்கிறது. பௌதிகவியல் வினாத்தாள் கடுமையாக வந்த ஆண்டின் 60 புள்ளியும், வேறொரு பாடத்தின் இலகுவான தாளில் எடுத்த 60 புள்ளியும் ஒன்றல்ல. ஆகவே ஒரு மாணவர் அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்று அளப்பதே இசட் புள்ளி. அதோடும் முடியவில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று. எந்தப் புள்ளியையும் அது பிறந்த இடத்திலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதை இந்தக் கரையோரத்துப் பெற்றோர் யாரும் சொல்லித் தராமலே அறிந்திருக்கிறார்கள்.

அதே பெற்றோரின் வீட்டில், மற்ற அறையில், பரீட்சை முடிந்து கொன்ட்ரோலரைக் கையில் எடுத்த பிள்ளை வேறொரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த பிளேஸ்டேஷன் கேம் ஒன்றின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சதுரம். அதற்குள் ஓர் எண். பச்சை என்றால் வாங்கலாம், மஞ்சள் என்றால் யோசிக்கலாம், சிவப்பு என்றால் விட்டுவிடலாம். மெட்டாகிரிட்டிக் என்ற திரட்டியில் கேம் ஒன்று பச்சை நிறம் பெறும் எல்லையும் 75தான். நம் ஏ சித்தியின் எல்லையும் அதுவே. எண் ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால் பரீட்சையின் 75ஐக் கண்டதும் பத்துக் கேள்வி கேட்கும் ஊர், திரையின் 75ஐ ஏன் கேள்வியின்றி நம்புகிறது?

வீடியோ கேமுக்குப் புள்ளியிடும் வழக்கம் புதியதல்ல. 1981 நவம்பரில் பிரிட்டனில் ‘கம்பியூட்டர் அன்ட் வீடியோ கேம்ஸ்’ இதழ் பிறந்தது. ஜப்பானில் 1986இல் தொடங்கிய ‘ஃபமிட்சு’ நான்கு விமர்சகரை அமர்த்தி, ஆளுக்குப் பத்தாக நாற்பதுக்குப் புள்ளி போட்டது. அந்த நாற்பதுக்கு நாற்பதை முதலில் வாங்கியது 1998இல் நின்டென்டோ வெளியிட்ட ‘த லெஜெண்ட் ஒஃப் செல்டா: ஒக்கரினா ஒஃப் டைம்’. இதழ்கள் ஒவ்வொன்றும் தன் பாட்டில் புள்ளி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வாசகருக்கு ஒரு வசதி இருந்தது. எந்த விமர்சகர் கை இறுக்கமானவர், எவர் தாராளமானவர் என்பது நாளடைவில் பழகிவிடும். இந்த ஆசிரியரிடம் 60 வாங்குவது அந்த ஆசிரியரிடம் 80 வாங்குவதற்குச் சமம் என்று வகுப்பறையில் நாம் கணக்குப் போடுவோமே, அதே மாதிரி.

2001 ஜனவரியில் அமெரிக்காவில் மார்க் டொயில், ஜூலி டொயில் ராபர்ட்ஸ், ஜேசன் டீட்ஸ் ஆகிய மூவர் மெட்டாகிரிட்டிக்கைத் தொடங்கியபோது அந்தப் பழக்கம் கரைந்தது. பல இதழ்களின் புள்ளிகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கினார்கள். எல்லா இதழுக்கும் ஒரே எடை கிடையாது. எதற்கு எவ்வளவு எடை என்பது வெளியே சொல்லப்படுவதும் இல்லை. எழுத்தில் தரம் போடும் இதழ்களை எண்ணாக மாற்றும்போது ‘பி’க்கு 75, ‘பி மைனஸ்’க்கு 67 என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். பி மைனஸ் போட்ட விமர்சகர், “சில குறை உண்டு, ஆனால் நல்ல கேம்” என்று நினைத்திருப்பார். அவருடைய வாக்கு மஞ்சள் கட்டத்துக்குள் போய் விழும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே தளத்தில் திரைப்படம் ஒன்று 61 எடுத்தாலே பச்சை. கேமுக்கு 75 வேண்டும். கேம் விமர்சகர்கள் பத்துக்கு ஏழிலிருந்து பத்து வரையான ஒடுங்கிய இடத்துக்குள்ளேயே பெரும்பாலும் உலாவுகிறார்கள் என்பதை அந்தத் தளமே இப்படி ஒப்புக்கொள்கிறது. பத்துக்கு ஐந்து என்பது நடுத்தரம் என்றுதான் கணிதம் சொல்லும். கேம் உலகில் ஐந்து எடுத்தது படுதோல்வி. படங்களுக்கும் இசைக்கும் சராசரியை விரித்துச் சீராக்கும் வழக்கம் அங்கே உண்டு. கேம்களுக்கு அந்தச் சீராக்கம் கிடையாது. உயர்தரப் பரீட்சை மொழியில் சொல்வதானால், இசட் புள்ளி இல்லாத பெறுபேற்றுப் பட்டியல் அது.

இந்த எண் வாசகரின் வழிகாட்டியாக மட்டும் இருந்திருந்தால் பிரச்சினை சிறியதாக இருந்திருக்கும். அது சம்பளப் பட்டியலுக்குள் நுழைந்தது. 2010இல் வெளிவந்த ‘ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்’ கேமைச் செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் ஊக்கத்தொகை என்று வெளியீட்டாளரோடு ஒப்பந்தம் இருந்தது. கேம் எடுத்தது 84. ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. இதை 2012 மார்ச்சில் வெளியே சொன்னவர் அந்த நிறுவனத்தின் தோற்றுநர்களில் ஒருவரான கிறிஸ் அவெலோன். அந்த ஒரு புள்ளி எங்கிருந்து குறைந்தது என்று எவராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. எங்கோ ஒரு விமர்சகரின் எட்டு, ஏழரையாக இருந்தது. அல்லது ஓர் இதழின் எடை சற்றே கூடியது. ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களின் வீட்டுச் செலவு அதில் தொங்கியது.

விளம்பரப் பணம் வேறு திசையிலிருந்து வந்தது. 2007இல் கேம்ஸ்பொட் இணையத்தளத்தில் ‘கேன் அன்ட் லின்ச்’ என்ற கேமுக்கு விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் பத்துக்கு ஆறு போட்டார். அதே பக்கங்களை அந்தக் கேமின் விளம்பரம் நிறைத்திருந்தது. அந்த நவம்பரில் அவர் வேலை நீக்கப்பட்டார். நான்கு ஆண்டுக்கும் மேல் கழித்து, சட்டக் கட்டு அவிழ்ந்த பிறகுதான் அவரால் நடந்ததை வாய்திறந்து சொல்ல முடிந்தது. பிரிட்டனின் யூரோகேமர் 2015இல் பத்துப் புள்ளி முறையையே தூக்கி வைத்துவிட்டு, ‘இன்றியமையாதது’, ‘பரிந்துரைக்கிறோம்’, ‘தவிர்க்கவும்’ என்று சொல்லால் தரம் போடத் தொடங்கியது. பின்னர் அதுவும் ஐந்து நட்சத்திர முறைக்கு மாறியது. எண் இல்லாத விமர்சனத்தை வாசகர் கூட்டம் அவ்வளவு இலேசில் ஏற்பதில்லை.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை. இந்தக் கரைக்கு வந்து சேரும்போது அந்த எண்ணுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

‘சைபர்பங்க் 2077’ நல்ல சான்று. போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10இல் வெளியிட்டது. வெளியாகுமுன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பிரதி மட்டுமே. கொன்சோல் பிரதியை அவர்கள் கண்ணில் காட்டவே இல்லை. விலையுயர்ந்த கணினியில் விளையாடியவர்கள் பாராட்டினார்கள், புள்ளி 90ஐத் தொட்டு நின்றது. பிளேஸ்டேஷன் 4இல் போட்டுப் பார்த்தவர்கள் கண்டதோ அடிக்கடி உறைந்து நிற்கும் திரை, மங்கிய முகங்கள், திடீரென்று மூடிக்கொள்ளும் கேம். நான்கு நாளில் நிறுவனத் தலைவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை நீக்கியது. மறு ஆண்டு ஜூன் 21 வரை அது திரும்பவில்லை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகை என்று அந்த நிறுவனத்திலும் ஓர் ஏற்பாடு இருந்ததும், இத்தனைக்கும் பிறகு அந்த நிபந்தனையைக் கைவிட்டுத் தொகையைக் கொடுக்க முடிவெடுத்ததும் பிறகு வெளிவந்தன.

அந்த டிசம்பரில் இலங்கை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கொவிட் முடக்கத்தோடு அரசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்ட ஆண்டு அது. பிளேஸ்டேஷன் 5 உலகத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்முனையில் கொன்சோல் வைத்திருந்தவரிடம் இருந்தது பிளேஸ்டேஷன் 4 அல்லது அதற்கும் முந்தியது. அதுவும் சிலவேளை கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ விடுமுறையில் வந்த வாப்பாவின் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. பச்சைக் கட்டத்துக்குள் இருந்த 90க்கும் அந்த இயந்திரத்துக்கும் எந்த உறவும் இல்லை. விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் மேசையில் ஓடியதற்குத்தான் புள்ளி போட்டார்கள். எந்த இயந்திரத்தில் விளையாடினேன் என்ற ஒரு வரி விமர்சனத்தின் அடியில் இருந்தது. திரட்டப்பட்ட எண்ணுக்குள் அந்த வரி போய்ச் சேரவில்லை.

விலையும் அப்படித்தான். பெரிய நிறுவனங்களின் பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்று ஏறத்தாழ 70 டொலர். 2020இன் நடுப்பகுதி டொலர் விலைக்கு அந்தத் தொகை 13,000 ரூபாவை ஒட்டியே இருந்தது. 2022இன் நடுவில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே தொகை 25,000 ரூபாவைத் தாண்டியது. அப்போது தனியார்துறையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 ரூபா. ஒரு கேமின் விலைக்கு இரண்டு மாதச் சம்பளம். “கொடுத்த காசுக்குத் தகும்” என்று கலிஃபோர்னியாவிலோ இலண்டனிலோ உட்கார்ந்து எழுதப்படும் வாக்கியத்தில் வரும் காசு எந்த நாட்டுக் காசு என்பது இங்குள்ளவருக்குச் சில்லறைக் கேள்வி அல்ல.

காசு சுருங்கிய இடத்தில் டிஸ்க் கைமாறத் தொடங்கும். ஒருவர் வாங்கியது மச்சான் வீட்டுக்குப் போகும், பக்கத்து வீட்டுக்குப் போகும், முடித்தபின் கடையில் கொடுத்து வேறொன்றாக மாற்றப்படும். ஆகவே டிஸ்க்கில் வருகிறதா, இணையத்தில் மட்டும் இறக்க வேண்டுமா, வந்த முதல் நாளே எத்தனை ஜிகாபைட் திருத்தம் இறக்க வேண்டும், இணையம் இல்லாமல் ஓடுமா என்பவை கதையும் காட்சியும் போலவே ஒரு கேமின் குணங்கள். 2013இல் மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் வன் இயந்திரம் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு பேச வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றவும் கட்டுப்பாடு என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வலுத்ததால் ஜூன் 19இல் பின்வாங்கியது. அந்த அறிவிப்பு நிலைத்திருந்தால் நம் பக்கத்தில் டிஸ்க் கைமாறும் வழக்கம் அன்றே முடிந்திருக்கும். இப்போது டிஸ்க் துளையே இல்லாத கொன்சோல்கள் விற்கின்றன. விமர்சனத்தில் இதற்கென்று கால் புள்ளிகூடக் கழிப்பதில்லை.

நாடு என்ற ஒன்றும் குறுக்கே நிற்கிறது. பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தெரிவுசெய்யச் சொல்லும். கட்டார் இருக்கிறது, சவூதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், இந்தியா எல்லாம் இருக்கின்றன. இலங்கை இல்லை. வாப்பா உழைக்கும் நாட்டுக்குக் கடை உண்டு. மகன் விளையாடும் நாட்டுக்குக் கடை இல்லை. ஆகவே இங்குள்ள கணக்குகள் வேறொரு நாட்டின் பெயரில் வாழ்கின்றன. நிறுவனம் என்றாவது விதியை இறுக்கினால் வாங்கிய கேம்கள் கைவிட்டுப் போகலாம் என்ற பயமும் அவற்றோடு வாழ்கிறது.

அந்தப் பயத்துக்கு உலக அளவில் முகம் கொடுத்தது 2024 மே மாதம். சுவீடனின் அரோஹெட் நிறுவனம் செய்து, சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ பெப்ரவரி 8இல் பிளேஸ்டேஷன் 5இலும் கணினியிலும் வந்து பெரும் வெற்றி பெற்றிருந்தது. மே 3ஆம் திகதி, கணினியில் விளையாடுபவர்களும் இனிப் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்த வலையமைப்பு இல்லாத 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்பனை நின்றது. காசு கொடுத்து வாங்கி மூன்று மாதம் விளையாடியவர்களுக்கு வாசலை அடைப்பது போன்ற காரியம். அடைக்கப்பட்டவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் விமர்சனப் பெட்டி. சில நாட்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான எதிர்மறை விமர்சனங்கள் விழுந்தன. கணக்குத் திறக்க எந்தத் தடையும் இல்லாத நாட்டுக்காரரும் சேர்ந்து எழுதினார்கள். மூன்றே நாளில் சோனி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது; ஆனாலும் விற்பனைத் தடை எல்லா நாட்டிலும் உடனே நீங்கவில்லை.

இப்படிக் கூட்டமாகப் புள்ளியைக் கீழே தள்ளுவதைக் கேம் உலகில் ‘விமர்சனக் குண்டுவீச்சு’ என்கிறார்கள். பெயரே அதைக் குற்றமாக்கிவிடுகிறது. குற்றமாக நடந்ததும் உண்டு. 2020 ஜூன் 19இல் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2’ வந்தபோது, கேமை முடித்திருக்கவே முடியாத நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் பூச்சியம் விழுந்தது. அதில் கணிசமான பகுதி கதையில் வரும் பெண்கள் மீதான வெறுப்பு. மெட்டாகிரிட்டிக் அடுத்த மாதமே, வெளியாகி 36 மணி நேரம் கழியும் வரை பாவனையாளர் விமர்சனம் ஏற்காது என்று விதி செய்தது. இரண்டு சம்பவங்களிலும் கூட்டம் செய்த காரியம் ஒன்றுதான், நியாயம் ஒன்றல்ல. வித்தியாசத்தை அறிய அந்த விமர்சனங்களின் சொற்களைப் படிக்க வேண்டும். எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு.

விமர்சகர் புள்ளியும் மக்கள் தீர்ப்பும் எவ்வளவு தூரம் விலக முடியும் என்பதற்குத் தெற்காசியாவிடம் தனிச் சான்று இருக்கிறது: ஈஏ ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2க்கும் கணினிக்கும் வந்தது. செய்தது எச்பி ஸ்டூடியோஸ். அது இருந்தது கிரிக்கெட் வாசனையே குறைந்த கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில். அட்டையில் அன்ட்ரூ பிளின்டொஃப். வர்ணனைக்கு மார்க் நிக்கலஸும் ரிச்சி பெனோவும். விமர்சன உலகம் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. கிரிக்கெட் என்றால் என்னவென்றே கேட்கும் அமெரிக்க இதழ்களுக்கு அது ஒரு பொருட்டும் அல்ல. ஈஏ அதற்குப் பிறகு கொன்சோலுக்கோ கணினிக்கோ கிரிக்கெட் கேம் எதையும் வெளியிடவில்லை. ஆனால் இலங்கையிலும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அது இன்னும் சாகவில்லை. புதிய சீருடை, புதிய அணி, புதிய மைதானம் என்று ரசிகர்களே ஒட்டுப்போட்டு ஆண்டாண்டாக அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒட்டுப்போட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். அந்தக் கேமில் உண்மைப் பெயர்களுக்கு உரிமம் இருந்தது இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும்தான். இலங்கை வீரர்கள் எழுத்து மாறிய பெயர்களோடு ஆடினார்கள். 2007 ஏப்ரல் 28இல் பிரிஜ்டவுனில் இலங்கை உலகக் கிண்ண இறுதிப் போட்டி ஆடிய பருவம் அது. சனத் ஜயசூரியவையும் முத்தையா முரளிதரனையும் பர்வீஸ் மஹ்ரூஃபையும் பெயர் சொல்லிக் கத்திய பிள்ளைகள், திரையில் அந்தப் பெயர்களைச் சரியாகப் பார்க்க முடியாமல், தாங்களே உட்கார்ந்து எழுத்துத் திருத்தினார்கள். இலண்டன் விமர்சகருக்கு அது குறையாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய அணியின் பெயர்கள் சரியாகவே இருந்தன. பெயர் தப்பான கேமை எடுத்து, பெயரைத் திருத்தி, பல ஆண்டு ஆடியதுதான் இந்தப் பகுதி அந்தக் கேமுக்கு எழுதிய விமர்சனம். அதைப் பதிந்துவைக்கத்தான் இடம் இருக்கவில்லை.

காதும் ஒரு அளவுகோல். நாற்பதுக்கு நாற்பது வாங்கிய ‘ஒக்கரினா ஒஃப் டைம்’ மெட்டாகிரிட்டிக்கில் 99 புள்ளியோடு கேம்களின் உச்சியில் நிற்கிறது. அதன் முதல் பிரதிகளில் நெருப்புக் கோயில் என்ற பகுதியின் பின்னணி இசைக்குள் ஓர் ஓதல் ஒலித்தது. ஒலித் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்ட முஸ்லிம் தொழுகை சார்ந்த ஓசை. பின்னைய பதிப்பில் நின்டென்டோ அதை எடுத்துவிட்டு வேறு குரலிசை வைத்தது. பிறைநட்சத்திரத்தை ஒத்திருந்த ஒரு சின்னமும் பிற்பாடு மாற்றப்பட்டது. 99 என்ற எண்ணைச் சேர்த்துக் கட்டிய காதுகளுக்கு அது வெறும் மர்மமான கிழக்கத்திய ஒலி. ஐந்து வேளை பாங்கு கேட்டு வளர்ந்த காதுக்கு, அரக்கர்களை வாளால் வெட்டிக்கொண்டு போகும்போது பின்னால் அது கேட்டால் கை தானாக நின்றுவிடும்.

இது ஒருமுறை நடந்து ஓய்ந்த தவறு அல்ல. 2002இல் எக்ஸ்பொக்ஸுக்கு வந்த ‘ககுடோ சோஜின்’ சண்டைக் கேமில் குர்ஆன் ஓதல் பின்னணியாக இருந்ததால் மறு ஆண்டு தொடக்கத்தில் மைக்ரோசொஃப்ட் அதைச் சந்தையிலிருந்தே மீட்டுக்கொண்டது. 2021 நவம்பரில் ‘கோல் ஒஃப் டியூட்டி: வேன்கார்ட்’டில் குர்ஆன் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடந்தன, அதை வெளியிட்ட அக்டிவிஷன் அரபு மொழியில் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது.

2008 ஒக்டோபரில் ‘லிட்டில்பிக்பிளானட்’ வெளியாகும் தறுவாயில் நடந்தது சற்று நின்று யோசிக்கத் தக்கது. மாலி நாட்டு இசைஞர் தூமானி ஜபாத்தேயின் பாடல் ஒன்றில் குர்ஆனின் இரு சொற்றொடர்கள் இருப்பதை ஒரு முஸ்லிம் விளையாட்டாளர் சுட்டிக்காட்ட, சோனி டிஸ்க்குகளைத் திரும்பப் பெற்று வெளியீட்டைத் தள்ளிவைத்தது. ஆனால் அந்த இசைஞரும் தொழுகையாளியான முஸ்லிம். தன் நாட்டில் மார்க்க வாக்கியத்தை இசையோடு பாடுவது வழமை என்று அவர் சொன்னார். இந்த வாதம் நம் கரைக்குப் புதிதல்ல. றபானைத் தட்டிப் பைத் பாடி வந்த பக்கீர்மாரைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும், இசையே ஆகாது என்று ஒதுங்கும் தலைமுறையும் ஒரே வீட்டுக் கூரைக்குக் கீழ் இருக்கிற ஊர்கள் இவை. இங்கே எழுதப்படும் ஒரு விமர்சனம் அந்தப் பாடலைப் பற்றி இலண்டன் இதழ் எதையும்விட நுட்பமாகப் பேசியிருக்கும். தடை கோருவது விமர்சகரின் வேலை இல்லை. கேட்டதைக் கேட்டேன் என்று எழுதுவதும், அது யாருக்கு எப்படி ஒலிக்கும் என்று சொல்வதும் அவருடைய வேலை.

தமிழில் கேம் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. விளையாடிக்கொண்டே பேசும் ஒளிபரப்புகள் ஏராளம்; பெரும்பாலும் ஃப்ரீ ஃபயர், பப்ஜி போன்ற கைப்பேசிக் கேம்கள். குறைவது, விளையாடி முடித்துவிட்டு, ஆறப்போட்டு, எழுதுகிற விமர்சனம். எந்த இயந்திரத்தில் ஓட்டினேன், எந்த நாட்டுக் கணக்கில் வாங்கினேன், ரூபாய்க்கு எவ்வளவு விழுந்தது, எத்தனை ஜிகாபைட் தின்றது, டிஸ்க்கைத் திரும்பக் கொடுத்தால் என்ன கிடைத்தது, வீட்டில் உம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒலியைக் குறைக்க நேர்ந்ததா என்று தொடங்கும் ஒரு விமர்சனத்துக்குக் கல்முனையில் வாசகர் உண்டு. அதன் முடிவில் புள்ளி போட்டாலும் பாதகமில்லை. அது அம்பாறை மாவட்டத்துப் புள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அப்படி எழுத எடுத்துக்கொள்ள ஏற்ற கேம் ஒன்று கொன்சோலிலேயே இருக்கிறது. ‘வெண்பா’ 2023 ஜூலை 31இல் நின்டென்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ், கணினி எல்லாவற்றிலும் வந்தது. டொரொன்டோவின் விசை கேம்ஸ் செய்தது; வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் அபி என்ற தமிழர். 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, கறைபட்டு, பாதி அழிந்து கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லிப் பானைக்குள் நீராவி எந்த வழியாக ஏறும் என்று யோசிக்க வேண்டும். அடுப்பைச் சுற்றி ஒரு குடும்பம் மொழியை இழப்பதும் தேடுவதும் நடக்கிறது.

அதன் திரட்டுப் புள்ளி 80க்கு அருகே நின்றது. 2024இல் சுயாதீன கேம்களுக்கான விழாவின் உயரிய பரிசையும், பாஃப்டாவின் அறிமுக கேம் விருதையும் வென்றது. 80ஐத் தாண்டி மேலே போகாததற்கு விமர்சனங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணம், நீளம் போதாது என்பது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, 15 டொலருக்கு அது குறைவு, சமையல் புதிர்கள் இன்னும் கடினமாக இருந்திருக்கலாம் என்றார்கள். மணிக்கணக்குக்கு விலைபேசும் அளவுகோல் அது. பெருங்கடைகளில் நூறு மணி நேரக் கேம்களை வாங்கிப் பழகியவரின் அளவுகோல். அதை இங்கேயும் ஒதுக்கித் தள்ள முடியாது. 15 டொலர் நம் கணக்கில் பல ஆயிரம் ரூபா. ஒன்றரை மணி நேரத்துக்கு அதைக் கொடுக்கத் தயங்கும் பிள்ளையின் தயக்கம் நியாயமானது. கல்முனை விமர்சனம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். விலை குறையும் காலம் வரை பொறுத்திருந்து வாங்கச் சொல்லலாம்.

அதற்கு மேலும் சொல்ல ஒன்று இருக்கிறது. ‘வெண்பா’வில் ஒரு காட்சி பிட்டு அவிப்பது. மாவையும் தேங்காய்ப்பூவையும் குழலுக்குள் மாறி மாறி இட்டு நிரப்ப வேண்டும். வெளிநாட்டு விமர்சகருக்கு இது வரிசை அறியும் இலகுவான புதிர். கிழக்கு மாகாணத்தில் பிறந்த எவருக்கும் அந்தக் குழல் வெறும் பாத்திரமாகத் தெரியாது. “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல” என்பது இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களாக அடுக்கப்பட்டு வாழ்வதைச் சொல்லும் பழைய சொல். மேடையில் ஒலிக்கும், கலவரம் நடந்த மறுநாள் வேதனையோடு நினைக்கப்படும், கல்முனைப் பிரதேச செயலகப் பிரிப்புப் பற்றிய நெடுங்கால இழுபறியில் இரு தரப்பு வாயிலும் வரும். கொன்ட்ரோலரைப் பிடித்தபடி மாவை ஓர் அடுக்கு, தேங்காய்ப்பூவை ஓர் அடுக்கு என்று குழலுக்குள் இடும் மருதமுனைப் பிள்ளையும், பக்கத்துப் பாண்டிருப்புப் பிள்ளையும் அந்தச் சொல்லைத் தங்கள் வீட்டில் கேட்டவர்கள். கனடாவில் அந்தக் காட்சியை வரைந்தவர்கள்கூட இதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

இங்கே எழுதப்படும் விமர்சனம் அந்தக் குழலில் இருந்தே தொடங்கும்: அடியில் முதலில் விழ வேண்டியது மாவா, தேங்காய்ப்பூவா?